வராதவரின் முறை

மீள்குடியேறி வந்த பிறகு நான் எடுத்த பயிற்சிகளைச் சொன்னால், கேட்பவர்கள் என்னைப் பெரிய படிப்பாளி என்று நினைத்துவிடுவார்கள். கோழி வளர்ப்புப் பயிற்சி எடுத்தேன். கோழி தருவதாகச் சொன்னவர்கள் கூடு மட்டும் தந்தார்கள். காளான் வளர்ப்புப் பயிற்சி எடுத்தேன். எங்கள் ஊர் வெயிலில் காளான் பையோடு சேர்ந்து கருகிப்போனது. பிறகு பை தைத்தல், சவர்க்காரம் செய்தல், தலைமைத்துவம், மனதை ஆற்றுதல். மனதை ஆற்ற வந்தவர், கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குப் பிடித்த ஓர் இடத்தை நினைக்கச் சொன்னார். கண்ணை மூடிய கையோடு நாங்கள் எல்லோரும் நித்திரையாகிவிட்டோம். அவ்வளவு களைப்பு எங்களுக்கு.

ஆகையால் ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் ஒருவர் மன்னாரில் நடக்கும் கோடிங் வகுப்புக்கு வரவேண்டும் என்று அறிவித்தல் வந்தபோது எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. சங்கம் என்றால் எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கம். முசலிப் பக்கத்துக் கரையில் ஒரு தகரக் கொட்டகை, நாலைந்து பிளாஸ்டிக் கதிரை, ஒரு அலுமாரி. அங்கே எழுத்து வேலை பார்ப்பவள் நான். உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது இடம்பெயர்ந்தோம், படிப்பு அதோடு நின்றது. எழுதத் தெரிந்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக எல்லாப் பயிற்சிக்கும் என்னைத்தான் பிடித்து அனுப்புவார்கள்.

"கோழி இல்லாமல் கோழிப் பயிற்சி எடுத்தீர். இனிக் கொம்பியூட்டர் இல்லாமல் கொம்பியூட்டர் படியும்," என்றார் என் வீட்டுக்காரர். அவர் கரைவலை இழுக்கப் போகிறவர். நக்கலுக்கு மட்டும் அவருக்குக் களைப்பே வராது.

ஆனால் இந்த முறை அவர் சொன்னது பிழையாகிப்போனது. யாரோ பாவித்துக் கழித்த மடிக்கணினி ஒன்றைச் சங்கத்துக்குத் தந்தார்கள். வயரைக் கழற்றினால் அணைந்துவிடும், பூட்டினால் சூடாகி முனகும். ஆனாலும் அது ஒரு கணினி.

சனிக்கிழமை தோறும் வகுப்பு. விடிந்ததும் பஸ் ஏறவேண்டும். வீதியைக் கிண்டிப் போட்டிருந்த காலம் அது. மன்னாரில் இறங்கும்போது தலைமயிர் முதல் செருப்பு வரை செம்புழுதி ஒரே நிறமாக அப்பியிருக்கும். உப்புக்குளத்தில் ஒரு கடைக்கு மேலே இருந்த அறையில்தான் வகுப்பு. வாசலில் ஒரு பதாகை கட்டியிருந்தார்கள்: 'அன்றாட வாழ்வுக்குக் கோடிங்'. அதை வாசித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. என் அன்றாட வாழ்வு அவர்களுக்குத் தெரியுமா? தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்குக் காத்திருப்பது, விறகு பொறுக்குவது, எங்கள் காணியின் பாதி இன்னும் ஆமி முகாம் வேலிக்குள் கிடப்பதை மதகுக்கட்டில் இருந்து பார்ப்பது. இதில் எந்த இடத்தில் கோடிங்கைச் செருகப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு படியேறினேன்.

படிப்பித்தவர் என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்த ஒரு முஸ்லிம் பெண். உப்புக்குளம்தான் அவர்களின் சொந்த இடம், ஆனால் பிறந்து வளர்ந்தது புத்தளத்தில் அகதி முகாமில். அவர்களும் அப்போதுதான் திரும்பி வந்து வீட்டைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவரை மிஸ் என்றோம். அவர் எங்களை அக்கா என்றார்.

முதல் நாள் மிஸ் எங்களிடம் பால் விடாத ஒரு பிளேன்ரீ போடுவதைப் படிப்படியாக எழுதச் சொன்னார். கணினிக்குத் தானாக ஒன்றும் தெரியாதாம், ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கவேண்டுமாம். நான் எழுதினேன்: தண்ணீர் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் பவுசர் வரும்வரை இரு. பவுசர் வராவிட்டால் பக்கத்து வீட்டில் கேள். அங்கேயும் இல்லாவிட்டால் கோயில் கிணற்றுக்குப் போ. கோயில் கிணறு உப்பென்றால் பின்னேரம் வரை பொறு. பக்கம் முடிந்துவிட்டது, நான் இன்னும் கேத்தலை அடுப்பில் வைக்கவில்லை. அடுத்த கதிரையில் இருந்த பெண் சீனியைப் போடுவதா, கையில் வைத்துக் கடிப்பதா என்று எனக்குப் பின்னால் இருந்தவரோடு தர்க்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

மிஸ் என் தாளை வாசித்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அக்கா, இதுதான் கோடிங்," என்றார். "என்ன நடக்கும் எண்டு தெரியாத இடத்தில, இப்படி நடந்தா இதைச் செய், அப்படி நடந்தா அதைச் செய் எண்டு முதலே சொல்லி வைக்கிறது."

அப்படியென்றால் இத்தனை வருடமும் நான் செய்துகொண்டிருந்தது கோடிங்தான், யாரும் எனக்குச் சான்றிதழ் தரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போகப்போக எனக்கு அது பிடித்துவிட்டது. பிடித்தது என்று வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் நக்கலுக்கு இன்னும் ஒரு துரும்பு கிடைத்துவிடும். நான் எழுதிய சின்னச் செய்நிரல் பிழையாக ஓடினால் கணினி என்னைத் திட்டவில்லை. பிழை எந்த வரியில் என்று காட்டியது, திருத்தினால் ஓடியது. அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து, எங்கே பிழை என்று ஒருவரும் சொல்லாமல் 'அடுத்த கிழமை வாங்கோ' என்று மட்டும் கேட்டுப் பழகியவளுக்கு அது பெரிய ஆறுதல்.

இந்த விசயத்தைச் சங்கத் தலைவரிடம் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் என்னை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"அப்ப பிள்ளை, பாட்டு முறையை அதுக்குச் சொல்லிக் குடுக்கேலாதே?"

பாடு என்றால், கல்லும் கட்டையும் இல்லாமல் துப்புரவாக வைத்திருக்கும் கரைத்துண்டு. அங்கேதான் கரைவலையை வளைத்துக் கரைக்கு இழுக்கலாம். எங்கள் ஊருக்கு இருப்பது ஒரே ஒரு நல்ல பாடு. வலைக்காரர் பலர். ஆகவே நாளுக்கு ஒரு வலை என்று முறை வைத்து வளைப்பார்கள். சோளகக் காற்று ஓய்ந்து கடல் அடங்கியதும் பாடு தொடங்கும், முறைச் சண்டையும் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை என்பதால் வலை இல்லை, அப்படியானால் அன்றைய முறை திங்களுக்குப் போகுமா, இல்லாமல் போகுமா? கடல் கொந்தளித்தால்? வள்ளம் உடைந்தால்? மீள்குடியேற்றத்தில் எல்லோரும் ஒரே தடவையில் வந்துசேரவும் இல்லை. ஒவ்வொரு குடும்பம் வந்து இறங்கும்போதும் முறையை முதலிலிருந்து குலுக்கவேண்டியிருந்தது. விடியற்காலையில் கரையில் நின்று முறைகாரரின் பெயரைக் கூப்பிடுவது தலைவரின் வேலை. முந்திய நாள் ஏச்சுப் பட்ட இடத்திலேயே அடுத்த நாளும் போய் நிற்பார்.

"எனக்கு ஏலாது பிள்ளை," என்றார். "கொம்பியூட்டர் சொன்னதெண்டா ஒருத்தரும் என்னைப் பேசேலாதுதானே?"

அவருடைய முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சரி என்றேன்.

முறையைச் செய்நிரலாக எழுதவேண்டுமென்றால் முதலில் முறை என்னவென்று தெரியவேண்டும். சங்கக் கூட்டத்தில் கேட்டேன். எல்லோருக்கும் தெரிந்த முறைதானே என்றார்கள். அப்படியானால் சொல்லுங்கள் என்றேன். அதன் பிறகு மத்தியானம் வரை சண்டை. ஆனால் அது பழைய சண்டையல்ல. 'நீ போன கிழமை என்ரை முறையைத் திண்டனி' என்று கத்திய ஆட்கள், 'கடல் கொந்தளிச்சா முறை நிக்கவேணுமோ, போகவேணுமோ' என்று கத்தினார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஆளை விட்டுவிட்டு விசயத்தோடு சண்டை பிடித்தார்கள். அது எனக்கு அதிசயமாக இருந்தது.

கடைசியில் சில விசயங்களில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பெயரைக் கூப்பிட்டால் வலைக்காரர் 'நிக்கிறன்' என்று தானே பதில் சொல்லவேண்டும். அவர் வராவிட்டால் வீட்டு ஆள் வந்து, வருத்தமாகக் கிடக்கிறார் அல்லது இன்ன ஊருக்குப் போய்விட்டார் என்று சொன்னால் முறை அவருக்கே இருக்கும். எங்கே என்று சொல்ல ஆளில்லை என்றால் முறை அடுத்தவருக்குப் போகும். வலைக்காரர் இறந்துவிட்டால் முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை அந்த முறை ஓய்ந்திருக்கும், பிறகு மனைவிக்கோ மகனுக்கோ போகும். நான் எழுதிக்கொண்டேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் எழும்பினார்கள்.

அன்று ஒருவரும் அவரைப் பற்றிச் சொல்லவில்லை. மறைத்தார்கள் என்றில்லை. சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கிற அக்காவின் புருசன் அவர். போரின் கடைசி மாதங்களில், நாங்கள் எல்லோரும் வன்னியில் சனத்தோடு சனமாக நெரிபட்டுக் கிடந்தபோது, பிளாஸ்டிக் கானை எடுத்துக்கொண்டு தண்ணீர் பார்க்கப் போனார். திரும்பி வரவில்லை. அக்கா இரண்டு பெண்பிள்ளைகளோடு ஊருக்கு வந்தா. அவருடைய வலையில் எலி கடித்தது போக மிஞ்சியதைப் பொத்தித் திருத்தி, கடனுக்குப் புது வலைக்கண்ணி வாங்கிச் சேர்த்து, பழைய ஆட்களைக் கூப்பிட்டு மறுபடியும் வலைக்காரியானா. அந்த வலையை இழுக்கப் போகிறவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு முதல் தடவை பாடு தொடங்கியபோது, தலைவர் பழைய ஒழுங்கின்படி பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அக்காவின் புருசனுடைய பெயர் வந்த நாளில், பழக்கதோசத்தில் அதையும் உரக்கக் கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. கரையில் எல்லோரும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது அக்கா முன்னுக்கு வந்து, "வரேல்லை," என்றா. அவ்வளவுதான் சொன்னா. "சரி, வள்ளத்தை இறக்குங்கோ," என்றார் தலைவர்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். முறை வரும்போதெல்லாம் தலைவர் அவர் பெயரைக் கூப்பிடுவார். அக்கா 'வரேல்லை' என்பா. வள்ளம் இறங்கும். எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே இடம் அந்தக் கரைதான் என்று நினைக்கிறேன். கந்தோர்களில் கேட்பார்கள். கேட்டுவிட்டு, மரணச் சான்றிதழ் எடுத்தால் எல்லாம் இலகு என்று புத்தி சொல்லி அனுப்புவார்கள். அக்கா ஒவ்வொரு தடவையும் வீடு திரும்பி முகம் கழுவிவிட்டு வலைக்குப் போவா.

செய்நிரலை நான் பல பின்னேரங்கள் இருந்து எழுதினேன். ஒவ்வொரு வலைக்காரருக்கும் ஒரு வரி. அதில் 'இருக்கிறார்' அல்லது 'இறந்துவிட்டார்' என்று ஒன்றைப் போடவேண்டும். அக்காவின் புருசனுடைய பெயர் வந்தபோது 'இருக்கிறார்' என்று போட்டேன். வேறு எதைப் போட எனக்குக் கை வரும்? பெரிதாக யோசிக்கவும் இல்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

ஓட்டிக் காட்டுகிற நாளில் கொட்டகை நிறைய ஆட்கள். திரை சின்னது என்பதால் அதில் வருவதை நான் உரத்து வாசித்தேன். எல்லாம் ஒழுங்காகப் போனது. ஞாயிறு சரியாகக் கழிந்தது, கொந்தளித்த நாள் சரியாக நின்றது. ஆட்கள் தலையாட்டினார்கள். தலைவருக்கு வாயெல்லாம் பல். பிறகு அக்காவின் புருசனுடைய பெயர் வந்தது. பதில் சொன்னாரா என்று கேட்டது. இல்லை என்று அடித்தேன். அடுத்த கேள்வியையும் வாசித்த வேகத்திலேயே வாசித்துவிட்டேன்.

"எங்கே இருக்கிறார்?"

அக்கா முன் வரிசையில் இருந்தா. மடிக்கணினி முனகிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் அடிக்காமல் வெறுமனே ஒரு தட்டுத் தட்டினேன். செய்நிரல் தனக்குச் சொல்லித் தந்தபடியே செய்தது. முறையை அடுத்த வலைக்காரருக்குக் கொடுத்தது.

அந்த அடுத்த வலைக்காரர் கெட்டவர் இல்லை. அவர்தான் முதலில் எழும்பி, "இது சரியில்லை, அக்காவின்ரை முறை அக்காவுக்குத்தான்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, மற்றதைப் போட்டா என்ன வரும்?" என்று கேட்டார். இறந்துவிட்டார் என்று போட்டால் முறை அக்காவின் பெயருக்கே வரும் என்றேன். உடனே எல்லோருக்கும் நிம்மதி. அப்படியே போடுங்கோ, அக்காவுக்கு நல்லதுதானே, இனிக் கரையிலை வந்து பதில் சொல்லுற கரைச்சலும் இல்லை என்று நாலு பக்கமும் அன்பாகச் சொன்னார்கள். கந்தோரில் கேட்ட அதே புத்தியை இப்போது சொந்தச் சனம் சொல்லியது.

அக்கா எழும்பினா. "முறையை ஆருக்கும் குடுங்கோ," என்றா. "அவரைச் சாக்காட்டி எனக்கு ஒரு முறை வேண்டாம்."

பின்னால் போய்க் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

தலைவருக்கோ சங்கத்தாருக்கோ என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த கிழமை அக்கா வீட்டு முறை வந்த நாளில், தலைவர் கையில் இருந்த கணினி ஒழுங்கைப் பார்த்து அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டார். ஊருக்குத் திரும்பிய பிறகு அவருடைய பெயர் கரையில் கேட்காமல் போனது அன்றைக்குத்தான். அக்கா வந்து நின்றிருந்தா. முறை வேண்டாம் என்று சொன்னவ, பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கவேண்டும் என்று வந்திருந்தா. கூப்பிடவில்லை என்றதும் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தா. அடுத்த வலைக்காரர் அன்று தன் வலையில் பட்ட மீனில் ஒரு கூடையை அவ வீட்டுக்கு அனுப்பினார். கூடை போன மாதிரியே திரும்பி வந்தது.

அக்காவின் வலை கரைக் குடிசையான வாடிக்குள் கிடந்தது. அதை இழுக்கிற வீடுகளில் அந்தக் கிழமை கறிச்சட்டி காய்ந்தது. எங்கள் வீடும் அதில் ஒன்று.

"கோழிப் பயிற்சியிலை கோழிதான் வரேல்லை," என்றார் என் வீட்டுக்காரர். "இதிலை இருந்த மீனும் போயிட்டுது." அன்றைக்கு அவர் அதை நக்கலாகச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கூடுதலாகக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அந்த மடிக்கணினியைக் கொண்டுபோய் அவர்களிடமே எறிந்துவிட்டு வருவது என்று சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் படியிறங்கிய பிறகு மிஸ்ஸிடம் கேட்டேன். "ஓம் எண்டும் இல்லை, இல்லை எண்டும் இல்லை. தெரியாது எண்டதை எப்பிடி மிஸ் எழுதுறது?"

எதற்கு என்று கேட்டார். சொன்னேன். யார், எங்கே, எப்போது என்று அவர் ஒன்றும் தோண்டவில்லை. "அந்த இடத்தை வெறுமையா விடலாம் அக்கா," என்றார். "வெறுமை எண்டு சொல்றதுக்கே ஒரு பெறுமதி இரிக்கி. அது பூச்சியமும் இல்லை, இல்லை எண்டதும் இல்லை. இன்னும் தெரியாது, அவ்வளவுதான்."

"பிறகேன் அதை முதலே படிப்பிக்கேல்லை?"

"கரைச்சலான விசயம், அதுதான் கடைசிக்கு வச்சிருந்தன்," என்றார். "ஒரு இடத்தில வெறுமையா விட்டா, அந்தப் பெயர் வர்ற ஒவ்வொரு இடத்திலயும் இது வெறுமையா இருந்தா என்ன செய்யவேணும் எண்டு நீங்க சொல்லிக் குடுக்கோணும். ஒரு இடத்தில மறந்தாலும் உடைஞ்சிரும். அதனாலதான் கனபேர் ரெண்டு பதிலோட நிப்பாட்டிர்றது."

திரும்பி வருகிற பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. மன்னார்த் தீவைத் தரையோடு சேர்க்கிற தாம்போதியில் பஸ் ஊரும்போது, நான் இத்தனை வருடம் நிரப்பிய விண்ணப்பங்களை நினைத்துப் பார்த்தேன். காணி உரிமையாளரா, இல்லையா. விதவையா, இல்லையா. இறந்தவரா, உயிரோடு இருப்பவரா. அக்காவுக்கு அப்படி எத்தனை படிவம் நிரப்பிக் கொடுத்திருப்பேன். 'இதுக்குள்ளை நீங்கள் சொல்லுறதுக்கு இடமில்லை' என்று கந்தோரில் சொன்னால், கடலிலும் காற்றிலும் இல்லாததைக் கேட்டுவிட்டோம் போல நாங்கள் தலைகுனிந்து வந்துவிடுவோம். இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்தை ஓர் ஆள் வைக்காமல் விட்டிருக்கிறார். கரைச்சல் என்று விட்டிருப்பார், களைப்பில் விட்டிருப்பார், நான் விட்ட மாதிரி யோசிக்காமலும் விட்டிருப்பார். ஆனால் வைத்திருக்கலாம். அந்தப் பதாகையில் எழுதியிருந்த அன்றாட வாழ்வுக்குக் கோடிங் எனக்குத் தந்தது இந்த ஒன்றைத்தான். அதன் பிறகு கந்தோரில் யாராவது 'கொம்பியூட்டரிலை அப்பிடி இல்லை' என்றால், எழுதினவரிடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கோ என்று கேட்கப் பழகிவிட்டேன். பெரும்பாலும் ஏச்சுத்தான் கிடைக்கும்.

மடிக்கணினியை எறியவில்லை. கொட்டகையில் பின்னேரங்களில் இருந்து ஒவ்வொரு வரியாகத் தேடினேன். மிஸ் சொன்னது சரி. அவருடைய பெயர் நான் நினைத்ததைவிடப் பல இடங்களில் வந்தது. ஞாயிறைக் கழிக்கிற இடத்தில் வந்தது, வள்ளத்துக்கு வந்தது, பூசைநாளுக்கு வந்தது. ஓரிடத்தைத் திருத்தினால் இன்னோரிடத்தில் உடைந்தது. ஒரு கட்டத்தில் மேசையில் தலையை வைத்துவிட்டேன். ஓர் ஆள் எங்கே என்று தெரியாமல் இருப்பது, அந்த வீட்டில் எத்தனை இடங்களில் உடைத்துக்கொண்டிருக்கும் என்று அப்போதுதான் கொஞ்சமாவது விளங்கியது.

எல்லாம் சரி, கடைசியில் ஒரு கேள்வி மிஞ்சியது. வெறுமையாக இருந்தால் என்ன செய்வது? அதை நானாக எழுத முடியாது. அது ஊரின் முறை. மறுபடியும் கூட்டம் கூட்டினோம். அக்கா வரவில்லை.

நான் கேட்டேன். "இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாத வலைக்காரருக்கு என்ன முறை?"

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். இத்தனை காலம் அந்த முறையைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவர் அவர்தான், ஆனால் அது முறை என்று வாயால் சொன்னதில்லை. "பேரைக் கூப்பிடுவம்," என்றார். "வீட்டாள் வந்து, வரேல்லை எண்டு சொல்லட்டும். வலை வளையட்டும். எங்கை எண்டு கேக்கிறேல்லை."

நான் அதை அப்படியே கணினியில் அடித்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. அடுத்த வலைக்காரர் மட்டும் மெதுவாகக் கேட்டார், "எவ்வளவு காலத்துக்கு?"

அதுவும் ஞாயமான கேள்விதான். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவர் ஐந்து வருடம் என்றார், ஒருவர் பிள்ளைகள் கலியாணம் கட்டும்வரை என்றார். சண்டை வரவேண்டிய இடம்தான், ஆனால் சண்டை பிடிக்க ஒருவருக்கும் தெம்பு இருக்கவில்லை. தலைவர் எழும்பிச் சட்டையைத் தட்டினார். "அதை அவரின்ரை மனிசியே வந்து சொல்லட்டும்," என்றுவிட்டு வெளியே போனார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பின்னேரம் அக்கா கொட்டகைக்கு வந்தா. கை முழுக்க நூல் சிக்கு. யார் சொல்லி வந்தாவோ தெரியாது. கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு இருந்தா.

"என்னவோ மாத்தினியாம், காட்டு," என்றா.

அவருடைய பெயர் இருந்த வரியைக் காட்டினேன். பெயர் இருந்தது, பக்கத்தில் ஒன்றும் இல்லை. பிறகு ஒவ்வொரு இடமாக இறக்கிக் காட்டி, இங்கே வெறுமை என்றால் இதைச் செய்யும், இங்கே வெறுமை என்றால் இதைச் செய்யும் என்று சொல்லிக்கொண்டு போனேன். அக்காவுக்கு அந்த எழுத்துகள் விளங்கியிருக்காது. ஆனால் கடைசிவரை பார்த்தா. கடைசியில், தலைவர் சொன்னதை வாசித்துக் காட்டினேன். பெயரைக் கூப்பிடும், வரவில்லை என்று வீட்டாள் சொன்னால் வலை வளையும், எங்கே என்று கேட்காது.

"நாளைக்கு ஆரின்ரை முறை?"

ஓட்டினேன். அவருடைய பெயர் வந்தது.

அக்கா அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு விரலால் திரையைத் தொட்டு, மேலும் கீழும் தடவினா.

"எவ்வளவு காலத்துக்கு எண்டு இதிலை எங்கை கிடக்கு?"

"அதுக்கு ஒரு வரியும் எழுதேல்லை அக்கா. நீங்கள்தான் சொல்லவேணும் எண்டு தலைவர் சொன்னவர்."

அக்கா கையில் சுற்றியிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தா.

"எழுதாதை," என்றா. பிறகு, வலையை வாடியிலிருந்து வெளியில் எடுக்கவேண்டும், உன்ரை மனிசனையும் வரச்சொல்லு என்றுவிட்டு எழும்பிப் போனா.